ஆங்கிலத்தின் வழியே சீனமா?

சவளக்கடையில் வாழும் என் தமக்கையின் மகன் உயர்தர வகுப்பு மாணவன். சென்ற மாரியில் ஒருநாள் அவன் தன் கொப்பியை என்முன் விரித்துவைத்து, "மாமா, இதுக்கு என்ன கருத்து?" என்று வினவினான். கல்முனையில் ஒரு தனியார் வகுப்பில் அவன் சீனம் கற்கத் தொடங்கியிருந்தான். அன்றைய பாடம் பாடசாலை வாழ்க்கையைப் பற்றிப் பேசுதல்: இன்று என்ன பாடங்கள், எந்தப் பாடம் விருப்பம், எது கடினம், எந்த ஆசிரியர் கற்பிக்கிறார் என்பன. கொப்பியில் மூன்று நிரல்கள் இருந்தன. முதலாவதில் சீன எழுத்து, இரண்டாவதில் அதன் ஒலியை உரோம எழுத்திற் பெயர்த்தது, மூன்றாவதில் ஆங்கிலம். அவனுடைய விரல் மூன்றாவது நிரலிலே நின்றது. அவனுக்கு விளங்காதிருந்தது சீனச் சொல் அன்று. 'இலெக்டிவ்' என்னும் ஆங்கிலச் சொல். "தெரிவுப் பாடம்" என்றேன். "அதுவா!" என்றான். தெரிவுப் பாடம் இன்னதென்பதை அவனுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை; உயர்தரத்துக்கு மூன்று பாடங்களைத் தெரிந்தெடுக்க ஒரு மாதகாலம் வீட்டாரோடு வாதாடியவன் அவன்.

ஒரு பிள்ளை தானறிந்த ஒரு பொருளுக்குச் சீனப் பெயரைக் கற்கும்பொருட்டு, தானறியாத மூன்றாம் மொழி ஒன்றிற் போய் முட்டி நிற்பது கல்வியாகுமா? கற்பிப்போர் இதனைக் குறையென்றே கருதுவதில்லை. 'பிறமொழி கற்க வருபவன் முதலில் ஆங்கிலத்தைச் செம்மையாகக் கற்று வரட்டும்' என்பது அவர்களின் ஆயத்தமான விடை. கொழும்பிலும் கண்டியிலும் ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது விடையாகலாம். சவளக்கடைப் பிள்ளைக்கு அது வாயிற்கதவை அடைப்பதேயாகும். மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால் கல்முனைக்குச் செல்லும் வழி தடைப்படும் ஊர் அது. அவ்வூர்ப் பிள்ளை இரு தாம்போதிகளைக் கடக்கவேண்டும் என விதிப்பது எந்த நியாயம்?

சீனம் நமக்கு எதற்கு என்று கேட்போரும் உளர். களனிப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் கொன்பியூசியஸ் நிறுவகம் இயங்குகின்றது, க.பொ.த. உயர்தரத்தில் தெரிவுசெய்யக்கூடிய பிறநாட்டு மொழிகளுள் சீனமும் ஒன்று. எனவே அம்மொழி இந்நாட்டின் கல்விக்குள் வந்தாயிற்று. தமிழன்பர் சிலர் 2021 ஆம் ஆண்டு மே மாதத்துப் பெயர்க்கல்லை நினைவூட்டுவர். சட்டமா அதிபர் திணைக்களத்து நூலகமொன்றின் திறப்புக் கல்லில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன, தமிழ் இல்லை. கண்டனம் எழுந்தபின் கல் அகற்றப்பட்டது. தமிழும் அரசகரும மொழி என 1987 இல் 13 ஆம் திருத்தம் கூறியபின்னரும் நிகழ்ந்த அவ்விழுக்கு மன்னிக்கத்தக்கதன்று. ஆயினும் அதன்பொருட்டுச் சீன மொழியைப் பகைப்பது அடித்தவனை விட்டுத் தடியை வைவதாகும். இன்னொரு கல்லும் இந்நாட்டில் உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்ததும், 1409 ஆம் ஆண்டுத் திகதி பொறிக்கப்பெற்றதும், 1911 இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டதுமான அக்கல்லில் மூன்று மொழிகள் உள்ளன: சீனம், தமிழ், பாரசீகம். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனமும் தமிழும் ஆங்கிலத்தின் உதவியின்றியே அருகருகே நின்றன.

இனி, ஆங்கிலமே இயல்பான பாலம் என்போரின் கூற்றை மொழியியல் நோக்கில் ஆராய்வோம். "நான் நேற்று வாங்கிய புத்தகம்" என்பதைச் சீனர் 'வொ சுவோத்தியென் மாய் த ஷூ' என்பர். வொ என்பது நான், சுவோத்தியென் நேற்று, மாய் வாங்குதல், த என்பது நம் பெயரெச்ச விகுதியின் தொழிலைச் செய்யும் இடைச்சொல், ஷூ புத்தகம். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. இதனை ஆங்கிலத்திற் சொல்லப் புகுந்தால் புத்தகம் முன்னே ஓடிவிடும். நேற்று கடைசிக்குப் போய்விடும். மாணவன் தமிழ் ஒழுங்கைக் கவிழ்த்து ஆங்கிலமாக்கி, அவ்வாங்கிலத்தை மீண்டும் கவிழ்த்துச் சீனமாக்குகின்றான். நேரே இருப்பதை இருமுறை தலைகீழாக்கும் இவ்வேலைக்குத்தான் நாம் பாலம் என்று பெயரிட்டுள்ளோம்!

வினாவும் அத்தகையதே. 'நீ மாணவனா?' என்பதில் நம் ஆகாரம் இறுதியில் நிற்பதுபோலவே சீனத்தின் 'மா' வும் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆசிரியரை நாம் பெயரை முன்னிட்டு 'இன்னார் சேர்' என்றழைக்க, அவர்களும் பெயரை முன்னிட்டு 'வாங் லாவ்ஷி' என்றழைப்பர். காக்காவும் தம்பியும், ராத்தாவும் தங்கச்சியும் சீனத்தில் வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்திலோ மூத்தவருக்கும் இளையவருக்கும் பெயர் ஒன்றே. உடன்கற்போனைச் சீனர் 'துங்ஷ்யுவே' என்பர்: துங் என்பது ஒன்றாக, ஷ்யுவே என்பது கற்றல். நம் பழைய உரைமரபிலுள்ள 'ஒருசாலை மாணாக்கர்' என்ற தொடரைக் கண்ட ஒருவனுக்கு இச்சொல் ஒரு கணத்திற் பிடிபடும்.

ஒலியிலும் உரோம எழுத்து நம்மை ஏமாற்றுகின்றது. தந்தையைக் குறிக்கும் சொல்லைச் சீனர் ஆங்கில 'பீ' எழுத்தால் எழுதுவர். ஆங்கிலம் கற்ற பிள்ளை அதனை 'பஸ்' என்னும்போது எழும் ஒலியாக ஒலிக்கின்றது. உண்மையில் அது 'பல்' என்பதன் முதலெழுத்தாகிய நம் வல்லினப் பகரமே. மூச்சு மிகாத, அதிர்வற்ற ஒலி. 'டீ', 'ஜீ' எழுத்துக்களுக்கும் இதுவே நிலை. உரோம 'ஆர்' எழுத்தால் அவர்கள் குறிக்கும் ஒலியோ ழகரத்துக்கு மிக அண்மையது. (வாழைப்பழத்தை வாளைப்பளமாக்கி உண்ணும் நம்மவர்க்கு இதனாற் பெரும் நன்மை விளையுமென நான் உறுதி கூறமாட்டேன்.) சீனம் முழுதும் தமிழ்போன்றது என்பதும் என் வாதமன்று. நான்கு ஏற்ற இறக்கத் தொனிகளும் ஆயிரக்கணக்கான எழுத்துருக்களும் எவர்க்கும் கடினமே; செயப்படுபொருள் வினைக்குப் பின்னே வருவதில் அது ஆங்கிலத்தையே ஒத்தது. ஆயினும் எங்கே ஒத்தது, எங்கே வேறுபட்டது என்பதைத் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் வைத்துக் காட்டினாலன்றி வேறெதில் வைத்துக் காட்டுவது?

'தமிழில் இதற்குச் சொற்கள் இல்லை' என்ற பழைய பாட்டை இங்கும் சிலர் பாடுவர். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் யாழ்ப்பாணத்தில் மேனாட்டு மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். நம் அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. சீனரின் பாடப்பெயர்களும் நம்முடையவைபோல் உள்ளே பொருள் தெரியும் கண்ணாடிகள். புவியியலை அவர்கள் 'தீலி' என்பர். தீ என்பது நிலம், லி என்பது அதன் ஒழுங்கு. இரசாயனவியல் 'ஹ்வாஷ்யுவே', மாற்றம் பற்றிய கல்வி. யூக்கிளிட்டின் நூலின் முதல் ஆறு பாகங்களை மத்தேயோ ரிச்சியும் சூ குவாங்ச்சியும் 1607 இலேயே சீனத்திற் பெயர்த்துக் கேத்திரகணிதத்துக்குச் சீனப் பெயரும் கண்டனர். தம் பாடங்களுக்குத் தம் சொல்லையே கொண்ட ஒரு சமுதாயத்தின் மொழியை, நம் பாடங்களுக்கு நம் சொல்லை ஒளித்துவைத்துக்கொண்டு கற்கப் போகின்றோம்.

இக்கரையோர மக்களுக்கு இது புதிய பரிசோதனையுமன்று. கல்முனையிலும் சுற்றூர்களிலும் மத்ரஸா சென்ற பிள்ளையிடம் எந்த மௌலவியும் ஆங்கிலம் கேட்டதில்லை. அறபு இலக்கணத்தின் நஹ்வும் ஸர்பும் தமிழிலேயே விளக்கப்பட்டன. அதற்கும் முன்னர், அறபெழுத்திலே தமிழை எழுதி அறபுத்தமிழ் என ஒரு கல்விக் கருவியையே நம் முன்னோர் ஆக்கினர். வியப்பு யாதெனில், சீனத்து ஹுயி முஸ்லிம்களும் சீன மொழியை அறபெழுத்தில் எழுதி, 'சியாவொ அர்ஜிங்' என்ற பெயரில் அதே காரியத்தைச் செய்துள்ளனர் என்பதே. அங்கும் இங்கும் மார்க்கத்தைக் கற்பித்தோர் அறிந்திருந்த உண்மையை, மொழியைக் கற்பிப்போர் மறந்தனர்.

குற்றத்திற் பெரும்பங்கு நம்முடையது, பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுடையது. பீக்கிங் வானொலி 1963 இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. 'தமிழ் மூலம் சீனம்' என்ற பெயரில் அவ்வானொலியே பாடமும் நடத்தியது. சீன இளைஞர் நம் மொழியைக் கற்று நமக்கே செய்தி வாசித்தனர். நாமோ விழா எடுத்தோம். நேயர் கடிதம் எழுதினோம். தமிழகத்திற் 'பயணி' என்னும் எழுத்தாளர் சீனத்தின் தொன்மையான கவித்தொகையிலிருந்து பாடல்களை நேரே தமிழாக்கி 2012 இல் நூலாகத் தந்தார். தனியொருவர் செய்தது அது. நம் துறைகளின் கூட்டுமுயற்சியால், ஒரு பாடசாலைப் பிள்ளை தன் வகுப்பறையைப் பற்றிச் சீனத்திற் பேச உதவும் முந்நூறு சொற்பட்டியல் ஒன்றைத் தமிழில் அச்சிட முடியாதா? அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு மொழியியல் விரிவுரையாளர், சீனம் கற்ற ஒருவர், ஒரு விடுமுறைக்காலம் போதும். 'மூன்று மாதத்திற் சீனம்' என விளம்பரம் செய்து, சம்பளம் எவ்வளவு, சீமெந்து எத்தனை மூடை என்ற வாக்கியங்களை மட்டும் மனனஞ் செய்விப்போரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, பின்னர் அவர்கள் கூலிக்கு மட்டும் பயன்படுகின்றனர் என்று வருந்துவதில் நேர்மை இல்லை.

அன்று மழை விடவில்லை. மருமகன் வகுப்புக்குச் செல்லவில்லை. கொப்பியில் நான்காவது நிரலொன்றைக் கோடிட்டோம். அகராதியின் துணையோடு இருபது சொற்களுக்குத் தமிழ் எழுதினோம். இருபத்தோராவது சொல் 'யுவென்'. சீனப் பாடசாலைகளிற் கணிதத்துக்கும் முன்னே வைத்தெண்ணப்படும் தாய்மொழிப் பாடத்தின் பெயர் அது. ஆங்கில நிரலில் வெறுமனே 'சைனீஸ்' என்றிருந்தது. யு என்பது மொழி, வென் என்பது எழுத்தும் இலக்கியமும் என்றேன். அவன் சற்றே யோசித்து, தன் சாதாரணதரப் பாடநூலின் அட்டையிலிருந்த பெயரை நினைவுகூர்ந்தவனாய், 'மொழியும் இலக்கியமும்' என்றெழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றான்.