ஊர் ஊராக நடித்தார், பேசத்தான் விடவில்லை!

கிரீட் தீவில் ஒரு கிராமம். மாதா கோயில் வாசலில் ஊரே கூடி நிற்கிறது. நடுவே கறுப்பு உடை அணிந்த ஓர் இளம் விதவை. அவள் மேல் ஆசை வைத்த ஒரு பையன் கடலில் விழுந்து செத்துவிட்டான். பழி அவள் தலையில் விழுந்திருக்கிறது. கல் பறக்கிறது. கத்தியோடு வந்தவனைக் கதாநாயகன் மடக்கிப் போட்டுவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு புறப்படுகிறான். தப்பிவிட்டாள் என்று நாம் மூச்சு விடும் நேரத்தில், செத்த பையனின் தகப்பன் பாய்ந்து அவள் கழுத்தை அறுத்துவிடுகிறான்!

1964-ல் வெளிவந்த 'ஜோர்பா' படத்தில் வரும் காட்சி இது. பார்த்தவர்கள் அந்த விதவையின் முகத்தை மறப்பதில்லை. ஆனால், "அவள் பேசிய வசனத்தில் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. படம் முழுவதிலும் அவளுக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய வார்த்தைகள்தான்!

அந்த விதவையாக நடித்தவர் ஐரீன் பாப்பாஸ். கிரேக்க நாட்டு நடிகை. கொரிந்து நகருக்கு அருகே ஹிலியோமோதி என்ற கிராமத்தில் பிறந்து, உலகமெல்லாம் சுற்றி, 2022 செப்டம்பரில் அதே கிராமத்தில் கண்ணை மூடியவர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரு கணக்குச் சொல்வார்கள். இத்தாலி, அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்ஸ், மெக்சிகோ, போர்ச்சுகல் என்று எத்தனை தேசத்துப் படங்கள், எத்தனை பாஷைகள்!

கணக்கு சரிதான். ஆனால் அந்தத் தேசங்கள் அவருக்கு என்ன வேஷம் கொடுத்தன என்பதையும் கணக்கில் எழுத வேண்டாமா?

கறுப்புக் கண், கறுப்பு முடி

வாத்தியார் வீட்டுப் பெண் ஐரீன். சிறு வயதிலேயே ஏதென்ஸ் நகரில் நாடகப் பயிற்சி. 1948-ல் முதல் கிரேக்கப் படம். பிறகு இத்தாலி. அங்கே 'அட்டிலா' போன்ற சரித்திரப் படங்களில் துணை வேஷங்கள். 1956-ல் ஹாலிவுட் அழைத்தது. ஜேம்ஸ் காக்னி கதாநாயகனாக நடித்த ஒரு குதிரைப் பண்ணைப் படம். அதற்குப் பிறகு ஹாலிவுட்டுக்கு அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

உயரமான உருவம். அடர்ந்த புருவம். சிரிக்காமலே நிற்கும் முகம். பொம்மை போன்ற பொன்முடி அழகிகளைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், இப்படி ஒரு முகத்தை எங்கே வைப்பது? கடைசியில் ஒரு சுலப வழி கண்டுபிடித்தார்கள். கறுப்புக் கண்ணும் கறுப்பு முடியும் இருக்கிறதா? ஸ்பெயின்காரி வேஷம் கொடு. அரபுப் பெண் வேஷம் கொடு. எல்லாம் ஒன்றுதானே!

இது ஐரீனோடு ஆரம்பித்த வழக்கம் அல்ல. அவருக்கு முந்திய தலைமுறைக் கிரேக்க நடிகை கத்தீனா பக்ஸினூ, 1944-ல் ஆஸ்கார் பரிசு வாங்கினார். எந்த வேஷத்துக்கு? ஸ்பெயின் தேசத்துக் கொரில்லாப் பெண் வேஷத்துக்கு! அதே ஹாலிவுட், 'ஜோர்பா' என்ற கிரேக்கக் கிழவன் வேஷத்தை மெக்சிகோவில் பிறந்த அந்தோனி குவின்னுக்குக் கொடுத்தது. குவின் பிரமாதமாக நடித்தார், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் உலகத்துக்குக் 'கிரேக்கன்' என்றால் இன்றும் குவின்னின் முகந்தான். பக்கத்தில் நின்ற அசல் கிரேக்கப் பெண்ணுக்கு வாயில்லை. அந்தப் படத்துக்கு மூன்று ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. அதில் துணை நடிகைப் பரிசு, பிரெஞ்சு மாது வேஷத்தில் வந்த லீலா கெத்ரோவாவுக்குப் போயிற்று. ஐரீன் பெயர் பரிசுப் பட்டியலிலேயே இல்லை. அன்று மட்டுமல்ல, கடைசி வரையில் இல்லை.

1961-ல் வந்த 'நவரோன் பீரங்கிகள்' ஒரு விதிவிலக்கு. மூலக் கதையில் ஆண்களாக இருந்த இரண்டு வீரர்களைப் படத்தில் பெண்களாக மாற்றினார்கள். அவர்களில் ஒருத்தி மரியா. கூட இருந்தவளே துரோகி என்று தெரிந்ததும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறவள் அவள்தான். அந்த நேரத்து ஐரீனின் முகத்தைப் பார்த்தால், இந்த நடிகையை வீணடித்தவர்கள் மேல் கோபம் வரும்.

1969-ல் இங்கிலாந்துப் படத்தில் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி, ஸ்பெயின் நாட்டு காதரைன். அதே ஆண்டு 'இஸட்' என்ற பிரெஞ்சுப் படம். கிரீஸில் 1963-ல் நடந்த ஓர் அரசியல் கொலைதான் கதை. கொலையுண்டவரின் மனைவியாக ஐரீன். இங்கேயும் கணவனை இழந்த பெண். இங்கேயும் பேச்சு குறைவு. 1976-ல் இஸ்லாமின் தொடக்க காலத்தைச் சொல்லும் 'மெசேஜ்' படத்தின் ஆங்கிலப் பிரதியில் ஹிந்த் என்ற அரபு மாது. அரபுப் பிரதிக்கு வேறு நடிகை. 1983-ல் மெக்சிகோவில் பேத்தியைக் கொடுமை செய்யும் பாட்டி. ஒவ்வொன்றையும் அவர் நன்றாகவே செய்தார். சமையல் தெரிந்தவள் எந்த வீட்டு அடுப்பிலும் சமைப்பாள். ஆனால் அவள் கைப் பக்குவம் தெரிய வேண்டுமானால் அவள் வீட்டுக்கல்லவா போகவேண்டும்?

சொந்த வீட்டுச் சமையல்

அந்த வீட்டைத் திறந்து காட்டியவர் டைரக்டர் மைக்கேல் காகோயானிஸ். 'ஜோர்பா' படம் எடுத்தவரும் அவர்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1962-ல், யூரிப்பிடீஸ் என்ற பழைய நாடகாசிரியரின் 'எலெக்ட்ரா'வைக் கிரேக்க பாஷையிலேயே படமாக்கினார். ராஜகுமாரியாகப் பிறந்து, குடியானவனுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டு, தகப்பனைக் கொன்ற தாயைப் பழிவாங்கக் காத்திருக்கும் பெண்தான் எலெக்ட்ரா. தன் கூந்தலைத் தானே வெட்டி எறிகிற அந்த ஒரு காட்சி போதும். அங்கேயும் கறுப்பு உடைதான். ஆனால் இந்தக் கறுப்பு உடைக்குள் இருந்தவள் பேசினாள், அழுதாள், ஆணையிட்டாள். எல்லாம் அவள் தாய்பாஷையில்!

"அப்படியானால் கிரீஸிலேயே இருந்திருக்கலாமே?" என்று கேட்கலாம். இருக்க விட்டால்தானே! 1967 ஏப்ரலில் ராணுவ அதிகாரிகள் அங்கே ஆட்சியைப் பிடித்தார்கள். அந்த ஆட்சியைப் பகிஷ்கரிக்கும்படி ஐரீன் வெளிநாட்டில் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். அதன் விலை ஏழு வருஷ அஞ்ஞாதவாசம். தியோடராக்கிஸின் பாட்டுகளுக்குக் கிரீஸில் தடை போட்டார்கள். ஐரீன் அந்தப் பாட்டுகளை வெளியே பாடிப் பதிவு செய்தார்.

அடுத்த யூரிப்பிடீஸ் படம், 'ட்ராய் நகரப் பெண்கள்', 1971-ல் வந்தது. எடுத்த இடம் ஸ்பெயின். பாஷை ஆங்கிலம். கிரேக்க நாடகத்தைக் கிரேக்க டைரக்டர் கிரேக்க நடிகையை வைத்து எடுக்கிறார். கிரேக்க மண்ணில் எடுக்க முடியவில்லை! காதரின் ஹெப்பர்ன், வனெஸ்ஸா ரெட்கிரேவ் போன்ற பெரிய நட்சத்திரங்களுக்கு நடுவே ஐரீனுக்கு ஹெலன் வேஷம். சிறைப்பட்ட பெண்கள் தாகத்தில் தவிக்கும்போது ஹெலன் மட்டும் தண்ணீரில் உடம்பு கழுவுகிறாள். மரப்பலகை இடுக்கில் முதலில் தெரிவது இரண்டு கண்கள். அமெரிக்க விமரிசகர் குழு ஒன்று அந்த ஆண்டின் சிறந்த நடிகையாக அவரைத் தேர்ந்தெடுத்தது.

1974-ல் ராணுவ ஆட்சி விழுந்தது. 1977-ல் மூன்றாவது படம், 'இபிஜீனியா'. மறுபடி கிரேக்க மண், மறுபடி கிரேக்க பாஷை. யுத்தத்துக்குக் காற்று வேண்டுமென்று மகளைப் பலி கொடுக்கத் துணிந்த புருஷனிடம் வாதாடும் தாய் வேஷம். வாதாடுகிறாள் என்று சொன்னால் போதாது. அரசனையும் படையையும் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறாள். கடைசியில் காற்று வீசுகிறது, கப்பல்கள் புறப்படுகின்றன. அந்தத் தாய் அவற்றைப் பார்க்கும் பார்வையில், புருஷன் திரும்பி வரும்போது நடக்கப்போவது முழுவதும் இருக்கிறது. ஹாலிவுட் இருபது வருஷமாகத் தேடாமல் விட்டது இதைத்தான்.

2003-ல் போர்ச்சுகல் டைரக்டர் மனோயல் தி ஒலிவேரா எடுத்த படத்தில் ஐரீன் ஒரு கிரேக்க நடிகையாகவே வந்தார். கப்பலில் சாப்பாட்டு மேஜை. அமெரிக்கக் கப்டன் ஆங்கிலத்தில் பேசுகிறார், பிரெஞ்சு மாது பிரெஞ்சில், இத்தாலிய மாது இத்தாலிய பாஷையில், ஐரீன் கிரேக்கத்தில். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிகிறது! கிரேக்கச் சொற்களை உலகமெல்லாம் எடுத்துக்கொண்டது, பாஷையை மட்டும் எங்கள் நாட்டோடு விட்டுவிட்டது என்று அவர் அங்கே குறைப்படுகிறார். பிறகு எல்லாரும் கேட்டுக்கொண்டதன்பேரில் எழுந்து நின்று, தம் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடுகிறார். மேஜைகளில் இருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.