இருதய அடைப்பும் புட்டிச் சாறும்

நெய்வேலி நகரியத்தில் வசிக்கும் தோழர் ஒருவர் சமீபத்தில் நம்மைக் காண வந்திருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருதய இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதமே ஆனவர். அவர் பையில் ஒரு புட்டி இருந்தது. பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றோடு ஆப்பிள் வினிகரும் தேனும் சேர்த்துக் காய்ச்சியதாம். வெறும் வயிற்றில் குடித்துவந்தால் அடைப்பு முழுவதும் கரைந்து போகுமாம். "ஆகையால் ஆஸ்பத்திரி மாத்திரைகளை நிறுத்திப் பத்து நாளாயிற்று" என்று வெகு சந்தோஷமாகச் சொன்னார். நாம் திடுக்கிட்டுப் போனோம்.

ஸ்டென்ட் என்பது உலோக வலை. அதன்மேல் மெல்லிய சவ்வு வளர்ந்து மூடும் வரையில் இரத்தம் அதில் பட்டு உறைந்துவிடக் கூடும். அப்படி உறையாமல் தடுக்கவே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கொடுக்கிறார்கள். வைத்தியரைக் கேளாமல் அவற்றை நிறுத்துவது மாரடைப்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதேயாகும்.

சரி, அடைப்புக் கரையும் என்பதாவது உண்மையா? சமையலறைக் குழாயில் அழுக்குச் சேர்ந்தாற்போல இரத்தக் குழாயின் நடுவில் கொழுப்பு மிதந்து கொண்டிருப்பதில்லை. அது குழாயின் சுவருக்குள்ளேயே கொழுப்பும் சுண்ணாம்பும் நாருமாகப் பல வருஷங்கள் சேர்ந்து தடித்துப் போன விஷயம். குடித்த வினிகர் வயிற்றுக்குப் போகுமே ஒழிய, இருதயத்துக்குள் போய்ச் சுவரைச் சுரண்டிக் கொண்டிருக்காது.

இப்படிச் சொன்னால், நாம் மூலிகைக்கு விரோதிகள், சித்தர்களைப் பழிப்பவர்கள் என்று சிலர் கூச்சல் போடுவார்கள். மூலிகையிடம் நமக்கு என்ன பகை? 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தி வேர் இரத்தக் கொதிப்பைத் தணிக்கிறதென்று நோயாளிகளிடம் பரீட்சித்து எழுதினார். உலகம் ஏற்றுக்கொண்டது. எந்த ரிஷியும் சொன்னார் என்பதற்காக அல்ல. அளந்து காட்டினார் என்பதற்காக. பின்னால் அதன் சத்து சிலருக்கு மனச்சோர்வு உண்டாக்குவதைக் கண்டதும், அதையும் மறைக்காமல் எழுதினார்கள். புட்டி வியாபாரி என்றைக்காவது தன் சரக்கின் குற்றத்தை எழுதியதுண்டா?

2022-ல் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் வைத்தியர்கள் சுமார் 190 பேரைப் பல பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், மற்றவற்றுக்குப் பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, மீனெண்ணெய் முதலியவற்றில் ஒவ்வொன்றும் 28 நாள் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் கெட்ட கொழுப்பை மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைத்தது. பூண்டோ மஞ்சளோ சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் செய்யவில்லை. ரசத்தில் பூண்டு போட வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, தாராளமாகப் போடுங்கள்.

"பச்சிலைதானே, கெடுதல் என்ன?" என்பது அடுத்த புரட்டு. இருமலுக்கு வாயில் போடும் அதிமதுரத்தை நாள்தோறும் அதிகமாகத் தின்றால் இரத்தக் கொதிப்பு ஏறும். பொட்டாசியம் குறைந்து இருதயத் துடிப்பே தடுமாறும். 2004-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில், பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதச் சரக்குகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தது. இருதய வியாதியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாதென்று நம் நாட்டில் 1954-லேயே சட்டமிருக்கிறது. 2024-ல் பதஞ்சலி கம்பெனி விளம்பர வழக்கில் சுப்ரீம் கோர்ட்டில் சிக்கி, பத்திரிகைகளில் மன்னிப்பு அச்சிட நேர்ந்தது. சட்டம் இருந்தும், சரக்கு விற்பது நின்றபாடில்லை.

வந்த தோழரிடம் நாம் ஒன்று கேட்டோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் நீருக்குத் துளையிட்டபோது கறுப்பாய் ஏதோ வந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் சுரங்கம் வெட்டினார்களா, அல்லது பல இடங்களில் துளையிட்டு, எடுத்துச் சோதித்து, கணக்குப் பார்த்த பிறகு வெட்டினார்களா? மண்ணுக்கே அவ்வளவு பரீட்சை என்றால், உமது இருதயத்துக்கு வேண்டாமா?

அவர் பதில் சொல்லவில்லை. அன்று மாலையே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். நல்லவேளையாக ஒன்றும் நேர்ந்திருக்கவில்லை. மாத்திரை மறுபடி ஆரம்பித்திருக்கிறார். புட்டி மட்டும் இன்னும் அலமாரியில் இருக்கிறதாம். 900 ரூபாய் கொடுத்து வாங்கியதைக் கொட்ட அவர் மனைவியாருக்கு மனம் வரவில்லையாம்.