உடலின் அளவுகளுக்கும் ஒரு பொதுமொழி வேண்டும்

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் வசிக்கும் நான், கடந்த ஓராண்டில் இரண்டு இடங்களில் உடல் கொழுப்பின் அளவைப் பரிசோதித்துக்கொண்டேன். மருத்துவ முகாம் ஒன்றில் தந்த சீட்டில் 'கொழுப்பு 31' என்று எழுதியிருந்தது. சில வாரங்கள் கழித்து ஒரு பரிசோதனைக் கூடம் அளித்த அறிக்கையில் '26.4' என்றிருந்தது. முதல் எண் விழுக்காடா, கிலோகிராமா என்ற குறிப்பு இல்லை. இரண்டாவது எந்த முறையில் அளக்கப்பட்டது என்ற தகவல் இல்லை. இரண்டையும் புரட்டிப் பார்த்த மருத்துவர், அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு எடைக் கருவியில் ஏறச் சொன்னார். அவரைக் குறைகூற முடியாது. எதை, எப்படி அளந்தார்கள் என்று தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு யாரால் மருத்துவம் பார்க்க முடியும்?

இது தனிமனிதர் ஒருவரின் சலிப்பு மட்டுமல்ல. எடையும் உயரமும் மட்டும் நம் உடலைப் பற்றிய முழு உண்மையைச் சொல்வதில்லை. புணேவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையே சான்றாக வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3 தான். ஆனால், யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1%, யாஜ்னிக்கின் உடலில் 21.2%. இந்தியரின் மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கக்கூடும் என்பதே அதன் செய்தி.

சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக அது மதிப்பிட்டது. பொதுவான உடல் பருமன் உள்ளோர் 28.6%, வயிற்றுப் பருமன் உள்ளோர் 39.5%. எடையை மட்டும் பார்த்தால் தப்பிவிடுவோர் எத்தனை பேர் என்பதை இந்த இடைவெளி உணர்த்துகிறது.

ஆக, இடுப்புச் சுற்றளவையும் கொழுப்பையும் தசையையும் அளந்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இடுப்பை விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் அளக்கச் சொல்லும் வழிமுறையும் உண்டு. தொப்புளுக்கு நேரே அளப்போரும் உளர். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்று எல்லை வகுத்துள்ள நாட்டில், நாடா இரண்டு விரல்கடை நகர்ந்தால் ஒருவர் நோய் அபாயப் பட்டியலில் சேரவும் கூடும், விடுபடவும் கூடும். மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திக் கொழுப்பைக் கணிக்கும் கருவியோ, குடித்த தண்ணீரின் அளவுக்கேற்பக்கூட வேறு எண்ணைக் காட்டும். எக்ஸ் கதிர் முறையான டெக்ஸா பரிசோதனையின் எண்ணை அதனோடு நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது.

இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே குறியீடுகள் உள்ளன. அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-இல் தொடங்கிய 'லோயிங்க்' முறையில், ஒவ்வோர் அளவுக்கும் தனி எண் உண்டு. எடை என்றால் பொதுவாக 29463-7. கருவியில் ஏற்றி அளந்த எடைக்கு 3141-9. நோயாளி வாய்மொழியாகச் சொன்ன எடைக்கு 3142-7. அளந்ததும் சொன்னதும் ஒன்றல்ல என்பதைக் கணினிக்குக்கூடப் புரியவைக்கும் இந்த நுட்பம்தான் நம் சீட்டுகளில் இல்லை.

இந்தியாவுக்கு இது புதிதன்று. மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தர வரையறையை மத்திய அரசு 2013-இல் வெளியிட்டு, 2016-இல் திருத்தியது; லோயிங்க், ஸ்நோமெட் குறியீடுகள் அதில் இடம்பெற்றுள்ளன. 2021 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், 14 இலக்க அடையாள எண்ணின் கீழ் ஒருவரின் பதிவுகளை இணைக்க முயல்கிறது. ஆனால், குறியீடற்ற சீட்டைப் படமெடுத்துப் பதிவேற்றினால், அது கணினிக்குள் போன காகிதமாகவே இருக்கும்.

எடை குறைப்பு ஊசி மருந்துகள் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்தபின் இதன் அவசரம் கூடியிருக்கிறது. பத்துக் கிலோ குறைந்தது என்று மகிழ்பவரிடம் கரைந்தது கொழுப்பா, தசையா என்ற கேள்விக்கு எடைக் கருவி பதில் சொல்லாது. முதியவருக்குத் தசை இழப்பு என்பது தடுமாறி விழும் அபாயம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில், ஒரே குறியீட்டில் அளந்தால்தான் விடை கிடைக்கும்.

ஏற்கெனவே பணிச்சுமையில் தவிக்கும் செவிலியர் தலையில் இதையும் கட்டுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குறியீட்டை மனிதர் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அது மென்பொருளின் வேலை. பிழையாக அளந்த எண்ணைக் குறியீடு சரியாக்கிவிடாது என்பதும் உண்மையே. ஆனால், எப்படி அளந்தோம் என்பதை மறைக்காமல் சொல்ல அது நம்மைக் கட்டாயப்படுத்தும்.

அரசு செய்ய வேண்டியவை எளியவை. அரசு மருத்துவமனைகள் வாங்கும் கருவிகளும் மென்பொருள்களும் குறியீட்டுடன் முடிவைத் தர வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக்கலாம். இடுப்பை எங்கே அளப்பது என்று மாநிலம் முழுமைக்கும் ஒரே வழிமுறையை வகுக்கலாம். அலகும் முறையும் இல்லாத அறிக்கையைத் தனியார் கூடங்கள் வழங்கக் கூடாது என்று விதிக்கலாம்.

வெள்ளானூரில் அளந்த எண், அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ உள்ள மருத்துவருக்கும் அதே பொருளைத் தர வேண்டும். அதுவரை, எண்ணுக்கு அருகே அலகையும் முறையையும் எழுதித் தருமாறு கேட்பது நோயாளியின் உரிமை.