மரணசாசனத்தில் ஊருக்கும் ஒரு பங்கு

2015 ஆம் ஆண்டு ஒக்டோபர் 11 ஆந் திகதி கிளிநொச்சியிலே தொண்ணூற்றொரு வயது முதியவர் ஒருவர் கண்மூடினார். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்நாட்டிலே அகதியாகக் கழித்து, சில மாதங்களுக்கு முன்னரே ஈழமண் மீண்டவர் அவர். அவர்தாம் கட்டடக் கலைஞர் டேவிட். வைத்தியர் இராசசுந்தரத்துடன் சேர்ந்து, வவுனியாவிலிருந்து காந்தியம் என்னும் தொண்டியக்கத்தை நடத்தியவர்.

காந்தியம் சாதி கேட்கவில்லை, சமயமும் கேட்கவில்லை. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்திலே அடித்துத் துரத்தப்பட்டு வந்த மலையகத் தமிழரை அது வன்னியிலே குடியமர்த்திற்று. நிலந் திருத்தவும் பயிரிடவும் துணைநின்றது. பாலர் பாடசாலைகளை நடத்திற்று. 1983 ஏப்ரலில் இருவரும் சிறைப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27 இல் வெலிக்கடைச் சிறையினுள்ளே இராசசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் மட்டக்களப்புச் சிறையுடைப்பிலே தப்பிக் கடல் கடந்தார். கென்ற் பண்ணையிலும் டொலர் பண்ணையிலும் குடியிருந்த ஏழை மக்கள் 1984 இல் விரட்டப்பட்டனர்.

இவ்வியக்கத்தை அழித்தது ஆயுத பலம். அதற்கு முன்னே எந்த உறுதிப் பத்திரமும் கேடயமாகியிராது என்பதை நாம் அறிவோம். ஆயினும் 2009 இல் போர் ஓய்ந்த பின்னர், அதே மண்ணிலே மனிதத் தொண்டு புரியும் நூலகங்களும் பாலர் பாடசாலைகளும் முதியோர் இல்லங்களும் எதனை நம்பி நிற்கின்றன? கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் அனுப்பும் பணத்தை. அன்றேல் வெளியார் நிறுவனம் ஒன்றின் இரண்டாண்டு, மூன்றாண்டுத் திட்டத்தை. திட்டம் முடியும் நாளிலே ஆசிரியையின் வேதனமும் முடிகின்றது. அனுப்பும் தலைமுறை மறைந்தபின் யார் அனுப்புவார்?

எழுதிவைக்கத் தெரியாத சமூகமா நம்முடையது? கோயிலுக்கு வயல், மடத்துக்குத் தோட்டம், தண்ணீர்ப் பந்தலுக்குத் தென்னங்காணி எனத் தருமசாதனம் எழுதிய பரம்பரை நாம். அதனை நாம் குறைகூறவில்லை. அக்கை ஊரின் நூலகத்துக்கும் ஏன் நீளவில்லை என்றே கேட்கின்றோம்.

வன்னி விவசாயிக்கு இங்கே ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. அதனை அறியாமல் நல்லெண்ணத்தோடு எழுதப்படும் சாசனம் வெறுங் கடதாசியாகிவிடும். இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் பெருந்தொகையான வயல்கள், 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அரசு வழங்கியவை. அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ உடையவர், தம் துணையையோ சட்டங் கூறும் உறவினர் ஒருவரையோதான் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கலாம். ஒரு சங்கத்தைக் குறிக்க முடியாது. மரணசாசனத்தாலும் அக்காணியைக் கொடுக்க இயலாது. அது முழு உரித்துடைய உறுதியாக மாறும்வரை நிலைமை இதுவே. ஆனால் உறுதிக் காணி, வங்கி வைப்பு, உழவு இயந்திரம், நகை ஆகியவற்றுக்கு இத்தடை இல்லை. வைத்தியர்க்கும் சட்டத்தரணிக்கும் ஆசிரியர்க்கும் இருப்பவை பெரும்பாலும் இவைதாமே!

எழுதும் முறையும் கடினமன்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பிரசித்த நொத்தாரிசின் முன்னிலையில் இரு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லையேல் ஐந்து சாட்சிகள் ஒருங்கே கூடியிருந்து ஒப்பமிடல் வேண்டும். சங்கத்தின் பெயரைப் பதிவிலுள்ளபடியே எழுதுக. ‘எங்கள் ஊர் நூலகம்’ என்று மட்டும் எழுதினால் வழக்குக்கு வழி திறந்ததாகும். அச்சங்கம் அந்நாளில் இயங்காதிருப்பின் எவருக்குச் சேரவேண்டும் என்பதையும் சேர்த்தெழுதுக. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எத்தனை சங்கங்களை இழந்தோம் என்பது நமக்குத் தெரியாததன்று.

பிள்ளைகளுக்கு இது வஞ்சனை ஆகாதா என்பர் சிலர். முழுவதையும் கொடுக்குமாறு எவரும் கேட்கவில்லை. பத்திலொன்று போதும். ஏனைய ஒன்பதும் பிள்ளைகளுக்கே.

காணியோ வைப்போ இல்லாதவர் நிலை யாது? மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கியவர்களிற் பலர், தாம் குடியிருக்கும் நிலத்துக்கே பத்திரமின்றி இன்றும் அலைகின்றனர். அவர்களிடம் கொடை கேட்பது நகைப்புக்கிடம். அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பாலர் பாடசாலைக்காகவே இருப்பவரிடம் கேட்கின்றோம். எனினும் பொருளில்லாதவரும் கொடையாளராகலாம் என்பதற்குப் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் சான்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே கற்பித்த அவர், 1978 இல் மறைந்தபோது கண்களையும் உடலையும் மருத்துவத்துக்கே எழுதிவைத்திருந்தார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்திலே தொடங்கிய மருத்துவ பீடத்து மாணவர்க்கும் பயில உடல் வேண்டும்.

இனிச் சங்கங்களுக்கு ஒரு சொல். மக்கள் கொடாமைக்குக் கருமித்தனம் மட்டுமே காரணமன்று. கொடுத்தது எங்கே போயிற்று என்ற ஐயமுங் காரணம். அந்த ஐயத்துக்குக் காரணமான சங்கங்களும் உண்டு. ஒருவர் கையிலே திறவுகோலும் காசேடும் இருக்குமிடத்துக்கு எவர் பத்திரம் எழுதுவார்? கொடையின் முதலைத் தொடாது வருவாயை மட்டுமே செலவிடுவோம் என்னும் விதியை யாப்பிலே சேர்க்கட்டும். ஆண்டுக் கணக்கைப் பொதுக்கூட்டத்திலே படிப்பதோடு நில்லாமல், பதிவிலக்கத்தோடு வாசலிலுள்ள அறிவிப்புப் பலகையிலே ஒட்டட்டும். எந்தச் சங்கம் முதலில் ஒட்டுகின்றது என்பதைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வாசகர்கள் நமக்கு எழுதியறிவிப்பாராக.