சமாதி கலைந்ததும் தண்ணீர் கேட்டவர்

கங்கைக் கரையில் ஒரு யோகி. நெடுங்காலம் தவம் இருந்தவர். நினைத்த மாத்திரத்தில் சமாதியில் ஆழக்கூடியவர். ஒருநாள் தாகம் எடுத்தது. சீடனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவன் போய்த் திரும்புவதற்குள் இவர் சமாதிக்குள் போய்விட்டார். பல நூறு ஆண்டுகள் கழித்துக் கண் விழித்தார். சீடனைக் காணோம், கங்கையைக்கூடக் காணோம். அவர் வாயில் வந்த முதல் சொல், தண்ணீர்.

திருவண்ணாமலையில் ரமணர் சொன்ன கதை இது. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். சிரித்த கையோடு, "உங்களால் எத்தனை மணி நேரம் அசையாமல் உட்கார முடிகிறது?" என்று பக்கத்தில் இருப்பவரை விசாரித்தும் இருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். கதை எந்த நம்பிக்கையை உடைக்கச் சொல்லப்பட்டதோ, அது இன்றைக்கும் கல்லாக நிற்கிறது. ஆழ்ந்து உட்காரத் தெரிந்துவிட்டால் துன்பம் தீர்ந்துவிடும், எண்ணம் ஓய்ந்தால் வேலை முடிந்தது என்பதே அந்த நம்பிக்கை. வார இறுதி முகாம் முதல் கைப்பேசியில் மணியடிக்கும் தியானச் செயலி வரை எல்லாரும் விற்பது இந்தச் சரக்கைத்தான். விற்றுவிட்டுப் போகட்டும். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியின் பெயரை மேலே ஒட்டி விற்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் எழுதியது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு.

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் காலை வாரிவிட்டன. ஒன்று சமாதி. மெரினாவில் பஸ்ஸை விட்டு இறங்கி "சமாதி எந்தப் பக்கம்?" என்று கேட்டால் யாரும் யோக சாஸ்திரம் சொல்லமாட்டார்கள், கையை நீட்டுவார்கள். போய்ச் சேர்ந்துவிட்ட இடம், இனி எழ வேண்டியதில்லை என்ற பொருள் அந்தச் சொல்லில் படிந்துவிட்டது. இன்னொன்று கிலேசம். மனக்கிலேசம் என்றால் நமக்குக் கவலை, சஞ்சலம். கவலைதான் நோய் என்றால் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது நல்ல மருந்துதான். அரை மணியில் குறையும். ஆனால் யோக சூத்திரத்தில் கிலேசம் என்பது வலி இல்லை, வலியின் வேர். அவித்தை என்கிற அறியாமை, நான் என்கிற ஒட்டு, விருப்பு, வெறுப்பு, உயிரை விடமாட்டேன் என்கிற பிடிவாதம் என்று ஐந்து. கடைசியாகச் சொன்னது அன்று பிறந்த புழுவுக்கும் உண்டு, கரைத்துக் குடித்த பண்டிதருக்கும் உண்டு என்கிறார் உரைகாரர் வியாசர். முதலாவதான அவித்தைதான் வயல், மற்ற நாலும் அதில் விளைபவை.

இரண்டாம் பாதத்தின் நான்காம் சூத்திரத்தை முகாம்களில் யாரும் எடுப்பதில்லை. விளையும் அந்த நாலுக்கும் நான்கு நிலை உண்டு என்கிறது அது. தூங்குவது, மெலிந்திருப்பது, இடையில் விட்டிருப்பது, தலைவிரித்து ஆடுவது. 'இடையில் விட்டிருப்பது' என்றால் என்ன என்பதற்கு வியாசர் தரும் உதாரணம் ஊர்த் திண்ணையில் பேசுகிற மாதிரி இருக்கும். சைத்திரன் என்று ஒருவன். ஒரு பெண்மேல் அவனுக்கு ஆசை. அதனால் மற்றப் பெண்கள்மேல் அவனுக்கு ஆசையே இல்லை என்று ஆகிவிடுமா? இங்கே ஓடுகிறது, அங்கே காத்திருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்து நாள் மௌன முகாமில் உட்கார்ந்தேன். ஒன்பதாம் நாள் விடியற்காலை ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. முழங்கால் வலி இல்லை, பெயர் இல்லை, ஜன்னலுக்கு வெளியே குயில் கூவியது, கூவலுக்கும் எனக்கும் நடுவே யாரும் இல்லை. பத்தாம் நாள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் செய்தி அண்ணனிடமிருந்து: கிணற்றடியில் சுவர் எழுப்ப ஆள் வந்துவிட்டான், தெரிந்துகொள். எழுத்துகளை முழுசாகப் படித்து முடிப்பதற்குள் காதுமடல் சூடாகிவிட்டது. செருப்பு வைத்திருந்த மரத்தட்டின் முன் நின்றுகொண்டே வக்கீலுக்குப் போன் போட்டேன். கோபம் ஒரு பொட்டும் குறைந்திருக்கவில்லை. பத்து நாள் நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி புதுத் தெம்போடு இருந்தது.

கோரை முளைத்த வயலில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். மேலே எத்தனை தடவை அறுத்தாலும் மண்ணுக்கடியில் கிழங்கு கிடக்கிறது. நாலு நாள் தரை சுத்தமாகத் தெரியும். ஒரு மழை போதும்.

பதஞ்சலி இதை அப்பட்டமாகவே சொல்லியிருக்கிறார். அதே பாதத்தின் பத்தும் பதினொன்றும். தியானத்தால் கழிவது கிலேசங்களின் ஓட்டம், அதாவது மேலே தெரிகிற அலை. நுண்மையாக உள்ளே கிடப்பது அதனால் கழியாது. சித்தம் தன் மூலத்திலேயே ஒடுங்கும்போதுதான் அது போகும். வியாசர் துணியை எடுத்துக்காட்டுகிறார். மேல்தூசு உதறினால் போய்விடும். இழையில் ஊறிய அழுக்குக்குப் பாடுபட வேண்டும், உபாயமும் வேண்டும். நாம் உதறுவதையே சலவை என்று பெயர் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். வேலை முடிந்ததற்கு என்ன அடையாளம் என்பதற்கும் உரையில் ஓர் உவமை உண்டு: வறுபட்ட விதை. தள்ளுவண்டியில் மணல்சட்டியில் வறுத்த கடலையை எடுத்து மண்ணில் ஊன்றிப் பாருங்கள். உருவம் கடலைதான். தண்ணீர் ஊற்றினால் ஊறும், முளைக்காது. குளிர்ந்த இடத்தில் பத்திரமாகக் கட்டிவைத்த விதை அப்படியில்லை. நம் சமாதிகளில் பெரும்பாலானவை விதைக்கிடங்குகள்.

ஆழம் போதவில்லை, இன்னும் ஆழப் போயிருந்தால் எரிந்திருக்கும் என்று பதில் வரும். வராமல் இருக்காது. அதற்கும் முதல் பாதத்திலேயே இடம் ஒதுக்கிவைத்திருக்கிறார் பதஞ்சலி. உடலையே விட்டவர்கள், மூலப் பிரகிருதியிலேயே கரைந்தவர்கள் என்று இரண்டு கூட்டத்தைச் சொல்கிறார். இதைவிட ஆழம் கிடையாது. அவர்களும் திரும்பி வருவார்கள் என்பதுதான் மரபின் தீர்ப்பு. இன்னோர் உரைகாரர் வாசஸ்பதி மிச்ரர் அங்கே ஒரு தவளையைக் கொண்டுவந்து வைக்கிறார். மழைக்காலம் போனதும் மண்ணோடு மண்ணாகி, அடுத்த மழையில் திரும்பவும் தவளையாகிவிடும் தவளை. முக்திக்கு ஒரு படி கீழே நிற்பவர்களைத் தவளை என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

தரைமேல் நடந்த கதையும் ஒன்று உண்டு. 1837-இல் லாகூரில், மகாராஜா ரஞ்சித் சிங்கின் முன்னிலையில், ஹரிதாஸ் என்ற சாதுவைப் பெட்டியில் அடைத்து, முத்திரை வைத்து, 40 நாள் புதைத்துவைத்தார்கள். தோண்டி எடுத்தபோது உடன் நின்ற ஆங்கிலேய அதிகாரி கிளாட் வேட் கண்டதை எழுதிவைத்தார். அது வித்தையா, மோசடியா, இன்றைய மருத்துவர்கள் தலையைச் சொறியட்டும். எனக்கு அக்கறை இல்லை. அந்த அரசவையில் மருத்துவராக இருந்த ஹோனிக்பெர்கர் எழுதியதுதான் எனக்கு வேண்டும். சாதுவின் ஒழுக்கத்தைப் பற்றிப் புகார்மேல் புகார் வந்தது, ராஜா ஊரைவிட்டு அனுப்ப நினைத்தார், அதற்குள் சாது ஒரு பெண்ணோடு மலைப்பக்கம் போய்விட்டார் என்கிறார் அவர். 40 நாள் மூச்சு நின்றது. ஆசை நிற்கவில்லை.

யோகம் என்றால் சித்தத்தின் ஓட்டத்தை நிறுத்துவது என்று முதல் பாதத்தின் இரண்டாம் சூத்திரமே சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. நிறுத்த வேண்டிய ஓட்டங்களின் பட்டியலை ஆறாம் சூத்திரம் தருகிறது. அதில் தூக்கமும் ஒன்று. ஒன்றுமில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஓட்டம்தான் தூக்கம். "மைண்ட் பிளாங்க் ஆகிவிட்டது சார்" என்று முகாமில் கண் கலங்கிச் சொல்பவர் யோகத்துக்குள் நுழையவில்லை. நிறுத்த வேண்டிய ஐந்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வியாசர் முதல் சூத்திரத்தின் உரையிலேயே இன்னும் ஒரு படி போகிறார். சமாதி என்பது சித்தத்தின் எல்லாத் தளங்களிலும் உள்ள இயல்பு என்கிறார். சிதறிய மனத்திலும் அது அவ்வப்போது எட்டிப்பார்க்கும், ஆனால் அதை யோகத்தில் சேர்க்கமுடியாது. சீட்டாட்டத்தில் உட்கார்ந்தவனுக்கு விடிந்தது தெரியாமல் போவதில்லையா? அந்த ஆழ்ச்சியை யாரும் விடுதலை என்று சொல்வதில்லை.

இந்த மயக்கத்துக்கு விவேகானந்தரையும் சாட்சிக்கு இழுப்பார்கள். தூங்கப்போன மூடன் மூடனாகவே எழுவான், சமாதிக்குப் போன மூடன் ஞானியாக வெளியே வருவான் என்ற கருத்து அவருடைய 'ராஜயோகம்' நூலில் (1896) உண்டு. அவரிடம் பிழை காணமாட்டேன். வெளியே வருபவன் எப்படி வருகிறான் என்பதை அவர் அளவுகோலாக்கினார். நாம் உள்ளே போன நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கிறோம்.

அப்படியானால் எது எரிக்கிறது? அறிவு. பார்ப்பவன் வேறு, பார்க்கப்படுவது வேறு என்ற தெளிவு இடையறாமல் நிற்பதுதான் துன்பம் ஒழிய வழி என்று சூத்திரம் நேராகச் சொல்கிறது. சமாதி அந்தத் தெளிவுக்கு விளக்கு பிடிக்கிறது, அவ்வளவுதான். வள்ளுவர் வைத்த இடத்தைப் பாருங்கள். காமமும் வெகுளியும் மயக்கமும் பெயரளவுக்கும் மிஞ்சாமல் போனால்தான் துன்பம் போகும் என்ற குறளை அவர் 'தவம்' அதிகாரத்தில் வைக்கவில்லை. 'மெய்யுணர்தல்' அதிகாரத்தின் கடைசியில், 360-ஆம் குறளாக வைத்தார். பரிமேலழகர் அங்கே வடநூலார் சொல்லும் ஐந்து குற்றங்களை, அவிச்சையிலிருந்து தொடங்கி, வரிசையாக எடுத்துக் காட்டுகிறார். நம்மவர்களுக்குப் பதஞ்சலியின் பட்டியல் அன்றே அத்துப்படி.

அந்தத் தெளிவுக்கு நிலத்தைப் பண்படுத்துவது கண்ணை மூடுவதற்கு முன்பே தொடங்குகிறது. அலைபாயும் மனத்தோடு வருபவனுக்குப் பதஞ்சலி தருவது தவம், ஓதல், பலனை ஈசனிடம் விடுதல் என்ற கிரியா யோகம். சமாதியைக் கூட்டுவதும் கிலேசத்தை மெலிவிப்பதும் அதன் இரண்டு வேலைகள். இரண்டாவதை நாம் தொலைத்துவிட்டோம். இம்சையைப் பற்றிய சூத்திரத்தில் அவர் குறுக்கு விசாரணையே நடத்துகிறார்: நீயே செய்தாயா, பிறரைக் கொண்டு செய்வித்தாயா, பிறர் செய்தபோது சரி என்று இருந்தாயா? பேராசையாலா, கோபத்தாலா, மயக்கத்தாலா? லேசாகவா, நடுத்தரமாகவா, கடுமையாகவா? பெருக்கினால் 27 வருகிறது. செருப்புத் தட்டின் முன் நின்று நான் வக்கீலுக்குப் போட்ட போன் அதில் எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரியும். செய்வித்தது, கோபத்தால், கடுமையாக. ஒன்பதாம் நாள் குயில் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

உட்காருவதே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மெலிவதும் மெலிவுதான், உதறிய துணியும் உதறாத துணியைவிட மேல். இன்றும் காலையில் இருபது நிமிடம் உட்காருகிறேன். ஆனால் நல்ல தூக்கம், வேலையில் கவனம், இரத்த அழுத்தம் குறைவு என்று கணக்குப் போட்டு விற்கும்போது எனக்கு நாலாம் பாதத்தின் 29-ஆம் சூத்திரம் நினைவுக்கு வருகிறது. கிலேசமும் கர்மமும் அடியோடு விலகுவதற்கு முந்தைய படி அது. தர்மமேக சமாதி என்று பெயர். அந்த உச்சத் தெளிவிலும் எதையும் எதிர்பாராதவனுக்கே அது வாய்க்கும் என்கிறார். 'எதிர்பாராதவன்' என்பதற்குப் பதஞ்சலி போட்டிருக்கும் சொல் வட்டிக்கடையிலிருந்து வந்தது. குசீதம் என்றால் வட்டி. ஞானத்துக்குக்கூட வட்டி கேட்காதவன்.

அண்ணன் சுவரை எழுப்பிவிட்டார். நோட்டீஸ் இன்னும் வக்கீல் மேசையில் இருக்கிறது.