பொறுத்தார் பூமி ஆள்வாரா?

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பது நம் முன்னோர் வாக்கு. நிலாவெளியைக் கடந்து வடக்கே செல்லும் வீதியில், களப்பும் கடலும் கைகோக்கும் இடத்தில் அமைந்த இறக்கக்கண்டியிலே நின்று இப்பழமொழியைச் சொல்வோமாயின், கேட்போர் கசந்து நகைப்பர். "நாங்கள் பொறுக்கவில்லையா? ஓடினோம், திரும்பினோம், மீண்டும் ஓடினோம், மீண்டும் திரும்பினோம். போரைப் பொறுத்தோம். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையையும் பொறுத்தோம். பூமியை ஆண்டோமா? எங்கள் பூமியின் எல்லைக்கல் எங்கே என்றல்லவா இன்னும் தேடுகின்றோம்?" என்று அவர்கள் கேட்பாராயின், மேடை முழக்கம் அதற்கு விடையாகாது. நேர்மையான விடையொன்று வேண்டும்.

பொறுமை என்னும் ஒரே பெயரால் இரு வேறு பொருள்கள் நம்மிடையே வழங்குகின்றன. காலம் கனியட்டும் என்று திண்ணையில் அமர்ந்திருப்பதையும் பொறுமை என்கிறோம். குறிக்கோள் கைகூடும் நாள் தன் வாழ்நாளுக்குள் வாராது என அறிந்தும், அந்நாளுக்கு வேண்டிய வேலையைத் தன் வாழ்நாளிலேயே செய்து வைப்பதையும் பொறுமை என்கிறோம். முன்னது சோம்பல், பின்னதே பொறுமை. இறக்கக்கண்டியில் நம்மோடு வாழும் இசுலாமிய உடன்பிறப்புகள் "சபுர்" என்று சொல்வதும், துன்பத்தினிடையே கடமையை விடாது பற்றி நிற்பதையே குறிக்கும். பூமியை ஆள்பவர் இவ்வகையினரே. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அதே வீதியில் தெற்கே சென்றால் திருக்கோணமலை. அங்கே கடலை நோக்கி நிமிர்ந்து நிற்கும் கோணமாமலையே நம் முதற் சான்று.

மலையுச்சியில் முந்நூறு ஆண்டுகள்

1622 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்தழித்தான். இடித்த கோயிலின் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. அவரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கொடிகள் மாறின, பீரங்கிகள் மாறின, கோட்டையின் பெயரும் மாறி, பிரெடறிக் கோட்டையாயிற்று. கோயில் மட்டும் எழவில்லை.

எனினும் வழிபாடு நின்றதா? இல்லை. கோபுரமற்ற மலையின் விளிம்பிலே நின்று, பூவும் பழமும் தேங்காயும் கடலுக்கு இட்டு அடியார்கள் வணங்கிய காட்சியை ஆங்கிலேயர் காலத்து நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. கருவறை இல்லை, விமானம் இல்லை, தேர் இல்லை. இடம் மட்டுமே இருந்தது. அவ்விடத்தை அவர்கள் விடவில்லை.

வழிபாட்டின் மற்றொரு கிளை வயல் சூழ்ந்த தம்பலகாமத்திலே தழைத்தது. கோணேசருக்கு அங்கே கோயில் அமைந்தது. கோயிற் பணிகள் இன்னின்ன குடியினர்க்கு உரியவை என்னும் ஒழுங்கும் வழிவழியாகப் போற்றப்பட்டது. தானத்தார், வரிப்பத்தார் என்போருக்குரிய கடமைகளை விரித்துரைக்கும் "கோணேசர் கல்வெட்டு" என்னும் நூல் நம்மிடம் இன்றும் உண்டு. மூலக்கோயில் இருந்த இடம் அயலான் கோட்டைக்குள் அகப்பட்டுக் கிடந்த காலத்திலும், அக்கோயிலின் கடமைகள் கமக்காரர் வீடுகளில் உயிரோடிருந்தன.

1950 ஆம் ஆண்டில் திருக்கோணமலை நகரில் கிணறு வெட்டியபோது, மண்ணுக்குள் மறைந்திருந்த வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956 இல் மலையடிக் கடலினுள் மூழ்கிய மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் பழங்கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். 1963 இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தேறியது. இடித்த ஆண்டுக்கும் எடுத்த ஆண்டுக்கும் இடையே 341 ஆண்டுகள்!

அத்திருவுருவங்களை மண்ணுக்குள் புதைத்த கை யாருடையது? வரலாறு அப்பெயரை அறியாது. அவர் மீண்டும் கோயில் எழக் கண்டவர் அல்லர். அவர் மக்களும் பேரரும் கண்டவர் அல்லர். ஆயினும் ஆழமாகவும் செம்மையாகவும் புதைத்தார். இதனினும் பெரிய நம்பிக்கை எங்குண்டு?

"கிணறு வெட்டப் பூதம் புறப்படும், அங்கே தெய்வம் புறப்பட்டது. அது நற்பேறு அன்றோ? பொறுமைக்கும் அதற்கும் என்ன உறவு?" என்று சிலர் வினவலாம். வினா நியாயமானது. கிணறு வெட்டியது தற்செயலே. ஆனால் வழிபாடு அறுந்துபோன ஊரிலே அவ்வுருவங்கள் வெளிப்பட்டிருப்பின், அவை காட்சிச்சாலைக்கு அனுப்பப்படும் பழம்பொருள்களாக முடிந்திருக்கும். முந்நூறு ஆண்டுகளாக இடமும் கடமையும் நினைவும் அறாமல் இருந்தமையாலேதான் அவை கருவறைக்குச் சென்றன. நற்பேறு எல்லார் வாயிலிலும் ஒருநாள் வந்து தட்டும். ஆயத்தமாக இருப்பவரே கதவு திறப்பர்.

செருமனி தேசத்துக் கொலோன் நகரின் பேராலயமும் இதையே உரைக்கும். 1248 இல் தொடங்கிய அவ்வாலயத்தின் வேலை பதினாறாம் நூற்றாண்டில் நின்றுபோயிற்று. முற்றுப்பெறாத கோபுரத்தின் மேல் பாரந்தூக்கிப் பொறியொன்று பல தலைமுறைக் காலம் அப்படியே நின்றது. 1814 இல் பழைய முகப்பு வரைபடத்தின் ஒரு பகுதி கண்டெடுக்கப்பட்டது. 1842 இல் வேலை மீண்டும் தொடங்கிற்று. 1880 இல் ஆலயம் நிறைவுற்றது. வரைபடம் எங்கோ ஓரிடத்தில் அழியாமல் கிடந்ததாலன்றோ, அறுநூறு ஆண்டுக்குமுன் கருதிய ஆலயத்தை அவர்கள் கட்டி முடிக்க முடிந்தது?

ஆகவே, நெடுங்காலம் காத்திருக்கும் நம்பிக்கை மூன்றைக் கைவிடாது: இடம், கடமை, பதிவு. இம்மூன்றில் ஒன்று போயினும் மற்றவை தளரும்.

சட்டம் நமக்காகக் காத்திருப்பதில்லை

இனி இறக்கக்கண்டிக்குத் திரும்புவோம். சட்டம் பயின்றவன் என்ற முறையில், மேடைகளில் எவரும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். தெய்வம் நின்று கேட்கும், சட்டம் நில்லாது.

தனியார் காணியொன்றை, உரியவருக்கு மாறாகப் பத்து ஆண்டு இடையறாது ஆண்டுவந்தவர் அதன் உரித்தைக் கோரலாம் என்பது 1871 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் சட்டம். குண்டுக்கு அஞ்சி ஓடியவன் அகதி முகாமில் இருந்த ஆண்டுகளையும் இவ்விதி அவனுக்கு எதிராகவே எண்ணும். இக்கொடுமையை நீக்கவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை, இடம்பெயர்ந்தவருக்கு எதிராக எண்ணாது விட அது வழி செய்தது. ஆனால் அவ்வழி திறந்திருந்தது இரண்டே ஆண்டுகள். கால் நூற்றாண்டு காத்திருந்தவர்க்கு இரண்டு ஆண்டு! அவ்விரண்டு ஆண்டில் நம் ஊர்களில் எத்தனை வீடுகள் அச்செய்தியை அறிந்தன? அறிவிக்க வேண்டிய நாம் எத்தனை படலை தட்டினோம்?

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் "பெர்மிட்" பெற்ற கமக்காரர் நிலையையும் நோக்குக. பெர்மிட்டுக்குரியவர் இறந்தால், அவருடைய பின்னுரித்தாளர் ஆறு மாதத்துள் காணியை ஏற்று ஆளுதல் வேண்டும். தவறின் உரித்துப் போகும் என்கிறது அச்சட்டம். தந்தை மண்டபம் முகாமிலே இறந்திருப்பார்; மகன் கடல் கடந்து சென்றிருப்பான்; பின்னுரித்தாளர் பெயரோ எழுதப்பட்டிராது. "காணி எங்கே போகும், அங்கேதானே கிடக்கும்" என்று அக்குடும்பம் பொறுமையோடிருக்கும். காணி அங்கேதான் கிடக்கும்; உரித்துத்தான் போய்விடும்.

2020 ஆம் ஆண்டு யூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று சனாதிபதி செயலணி ஒன்று அமைந்தபோது, அதிலே தமிழரோ முசுலிம்களோ ஒருவரேனும் இடம்பெறவில்லை. அதனைக் கண்டித்தோம், கண்டித்தது நீதியே. ஆயினும் கண்டனத்தோடு நின்றுவிடலாமா? அளவையாளன் சங்கிலியோடு வரும் நாளில் கமக்காரனுக்குத் துணை நிற்பது கண்ணீரன்று, கடதாசி.

ஒப்பந்தங்களுக்கு இடையே

அரசியல் வரலாறும் இப்பாடத்தையே புகட்டும். 1956 இல் திருமலை மாநாட்டுக்கு மக்கள் கால்நடையாகத் திரண்டு வந்தனர். 1957 யூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தனர். 1958 இல் அது கிழிந்தது. 1965 இல் டட்லி சேனநாயக்காவோடு செய்த உடன்பாடு, வடக்குக் கிழக்கில் அரசு வழங்கும் காணிகளில் முதலிடம் அவ்வம் மாவட்டத்துக் காணியற்றோர்க்கே என்றது, அதுவும் நிறைவேறவில்லை. 1987 இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் மாகாணங்களுக்குக் காணி அதிகாரத்தை எழுத்தில் தந்தது; கையில் தரவில்லை. 2012 இல் தெரிவான கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்தபின், தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன.

கொழும்பின் வாக்குத் தவறுதலை எடுத்துரைப்பது எளிது. ஆனால் ஓர் ஒப்பந்தம் கிழிந்த நாளுக்கும் அடுத்த ஒப்பந்தம் எழுந்த நாளுக்கும் இடையே, ஊர்தோறும் காணியற்றோர் பட்டியல் ஒன்றையேனும் தொகுத்தோமா? நாளையே அதிகாரம் வந்து வாயிலில் நின்றாலும், "யாருக்கு எந்தக் காணி" என்று கேட்டால் எடுத்து நீட்ட நம்மிடம் ஏடு உண்டா? "பொறுங்கள்" என்று மக்களுக்குச் சொல்லும் உரிமை, அவர்களோடு நின்று வேலை செய்யும் தலைவனுக்கே உண்டு. தன் ஓய்வுக்குப் பொறுமை என்று பெயரிடுபவனுக்கு அவ்வுரிமை இல்லை.

இன்றே தொடங்கற்பாலன

கமக்காரப் பெருமக்களுக்கு முதலில் கூறுவேன். உறுதியோ பெர்மிட்டோ அளவைப் படமோ, கையிலுள்ளதை மூன்று பிரதி எடுத்து மூன்று வீடுகளில் வையுங்கள். தொலைந்திருப்பின் காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் பிரதி கேளுங்கள். கேட்டும் கொடாவிடின், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள். பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு கூற அலுவலர் கடமைப்பட்டவர். பின்னுரித்தாளரை இன்றே நியமித்துப் பதிவு செய்யுங்கள். விடுதிகள் எழும்பும் இக்கரையில் விலை கேட்டு வருவோர் பலர்; ஒரு நாட் பணத்துக்காகத் தலைமுறையின் இடத்தை விற்றுவிடாதீர்கள்.

கற்றோருக்கு அடுத்துக் கூறுவேன். சட்டத்தரணி, ஆசிரியர், நில அளவையாளர், எழுதுவினைஞர் ஆகிய நாம் மாதத்தில் ஒரு நாளைக் கொடுத்தால் போதும். ஆலமரத்தடியிலோ, பள்ளிவாசல் முன்றலிலோ, பாடசாலை மண்டபத்திலோ மேசையொன்றைப் போட்டு அமர்வோம். விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம்; குடும்ப வரலாற்றைக் கேட்டுப் பதிவோம்; எந்த வயல் யாருடையது, எந்தக் கிணறு யார் வெட்டியது, எந்த ஆண்டில் யார் ஓடினார், எப்போது திரும்பினார் என்பதை முதியோர் வாய்மொழியாகவே எழுதி வைப்போம். இதில் தமிழர் என்றும் முசுலிம் என்றும் பிரித்து நோக்குதல் வேண்டா. ஒரே களப்பில் வலை வீசுவோர்க்குக் கச்சேரியிலும் ஒரே வரிசைதான்.

இவ்வேலைக்கு மாலை விழாது. பத்திரிகையில் படம் வராது. பனங்கொட்டை நடுபவன் வேலையைப் போன்றது இது. பனை காய்க்கப் பதினைந்து ஆண்டும் செல்லும், இருபது ஆண்டும் செல்லும். நட்டவன் நுங்கு உண்பான் என்பது உறுதியில்லை. ஆயினும் நம் கரையோரமெங்கும் பனைகள் நிற்கின்றன. எவரோ நட்டதாலன்றோ நிற்கின்றன?

பொறுத்தார் பூமி ஆள்வாரா என்று கேட்டோம். ஆள்வர், ஐயமில்லை, ஆனால் பொறுத்த காலமெல்லாம் பூமியின் மீது கால் ஊன்றி, அதன் கடமையைச் செய்து, அதன் கணக்கை எழுதி வைத்தவரே ஆள்வர். அடுத்த பெரும்போகத்து விதைப்புக்குமுன் உங்கள் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். நம் பொறுமை அங்கிருந்து தொடங்கட்டும்!