வேர்டுக்கு மாற்றும்போது உசாத்துணையைத் தொலைக்க வேண்டாம்



எமது பிள்ளைகள் கம்பஸ் போய் கணிதம், பௌதிகவியல், பொறியியல் படிக்கும்போது ஆய்வறிக்கையை லேடெக்கில் எழுதப் பழகுகிறார்கள். நல்ல விடயம். உசாத்துணைகளை 'பிப்' என்ற தனிக் கோப்பில் வைத்தால் இலக்கமும் பட்டியலும் தாமாகவே ஒழுங்காகும். மேற்பார்வையாளரோ சஞ்சிகையோ "வேர்டில் அனுப்புங்கள்" என்றதும்தான் பிரச்சினை.

அவசரத்தில் நாம் செய்வது, பீ.டீ.எஃப் பிரதியை வேர்டில் திறந்து சேமிப்பது, இல்லாவிட்டால் கொமியூனிகேஷனில் கொடுத்து டைப் பண்ணுவிப்பது. பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆனால் அடைப்புக்குள் உள்ள 7 இப்போது வெறும் இலக்கம். புதிய நூலொன்று பட்டியலில் 5 ஆவதாக நுழைந்தால், பழைய 7 ஆவது நூல் 8 ஆகிவிடும். கட்டுரையில் உள்ள 7 அப்படியே நிற்கும். சொன்னவர் ஒருவர், பெயர் போவது இன்னொருவருக்கு.

இது சின்ன விடயமல்ல. யாரிடமிருந்து வந்தது என்று ஸனத் கேட்டு அறிவைப் பெற்ற சமூகம் நாம். அடுத்தவரின் ஆய்வு எமது கையில் அமானிதம்.

இதற்கு வழி இருக்கிறது. பண்டொக் என்ற இலவச மென்பொருளை 2006 இல் ஜோன் மெக்ஃபார்லேன் என்ற மெய்யியல் பேராசிரியர் வெளியிட்டார். லேடெக் மூலக் கோப்பு, பிப் கோப்பு, மேற்கோள் முறையைச் சொல்லும் சி.எஸ்.எல் கோப்பு மூன்றையும் கொடுத்து, 'சைட்ப்ரொக்' தெரிவையும் சேர்த்தால் மேற்கோளும் பட்டியலும் சரியாக அமைந்த வேர்ட் கோப்பு வரும். ஏ.பி.ஏ முறை கேட்டால் சி.எஸ்.எல் கோப்பை மாற்றினால் போதும். சமன்பாடுகளும் வேர்டிலேயே திருத்தக்கூடியதாக வரும். லேடெக் கட்டளைகளால் வரைந்த படங்கள், நாமே உருவாக்கிய சிக்கலான கட்டளைகள், "படம் 3 ஐப் பார்க்க" போன்ற இணைப்புகள் தவறக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இப்படி வரும் வேர்ட் கோப்பிலும் மேற்கோள்கள் வெறும் எழுத்துக்களே. மேற்பார்வையாளர் வேர்டில் குறித்த திருத்தங்களை மூலக் கோப்பில் ஏற்றி, மீண்டும் மாற்றி எடுக்க வேண்டும். மூலம் லேடெக்தான், வேர்ட் அதன் பிரதி.

மேற்பார்வை செய்யும் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள். எந்த வடிவில் வேண்டும் என்பதை முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் முதலில் பலியாவது உசாத்துணைதான்.

ஊரில் ஐ.சீ.டி படிப்பிப்பவர்கள் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கி இதைச் செய்து காட்டினால், கம்பஸ் பிள்ளைகளுக்குப் பேருதவியாக இருக்கும். முன்வருபவர்கள் கீழே சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து செய்வோம்.